கம்பைலர்களுக்கும் இயங்குதளங்களுக்கும் பொதுவான டிபக்கிங் தரநிலையை உருவாக்குவது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரே மூலநிரலை இரண்டு கம்பைலர்களில் (மூலநிரலை இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் கருவிகள்) தொகுத்து ஒரே டிபக்கரில் (ஓடும் நிரலை நிறுத்திப் பிழை தேட உதவும் கருவி) ஓட்டிப் பார்த்தவர்களுக்கு இந்தக் குழப்பம் பழகிப்போன ஒன்று. ஒன்றில் பிரேக்பாயின்ட், அதாவது நிரலை நிறுத்த இட்ட குறி, செயற்கூறின் (function) முதல் கூற்றில் சரியாக நிற்கும். மற்றொன்றில் தொடக்க அடைப்புக்குறியிலேயே நின்று, இன்னும் நிரப்பப்படாத அளபுருக்களின் (செயற்கூறுக்குத் தரும் உள்ளீடுகள்) குப்பை மதிப்பைக் காட்டும். இரண்டு கம்பைலர்களும் ஒரே தரநிலையைப் பின்பற்றுவதாக அவற்றின் ஆவணங்கள் சொல்லும். அப்படிச் சொல்வதில் பொய்யும் இல்லை.

இதற்கான காரணத்தை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். இன்று லினக்ஸ், பிஎஸ்டி, மேக்ஓஎஸ் ஆகியவற்றில் புழங்கும், பிழைத்திருத்தத் தகவலுக்கான டுவார்ஃப் தரநிலை, ஒரு தகவலை எழுதுவதானால் அதை எப்படி எழுத வேண்டும் என்றுதான் சொல்கிறது. எந்தத் தகவலை எழுதியே ஆக வேண்டும் என்று பெரும்பாலும் சொல்வதில்லை. அது அனுமதிக்கும் தரநிலையே தவிர, கட்டாயப்படுத்தும் தரநிலை அல்ல. ஆகவே பொதுத் தரநிலை வேண்டும் என்று கூடும் குழுவின் உண்மையான வேலை இன்னொரு கோப்பு வடிவத்தை வரைவதல்ல. ஏற்கெனவே இருக்கும் வடிவத்தின் மீது குறைந்தபட்சக் கடமைகளை வரையறுத்து, அவை நிறைவேறுகின்றனவா என்று சோதிக்கும் வழியையும் சேர்த்தே எழுதுவது. கீழே வரும் படிகள் அனைத்தும் அந்த நோக்கில் அமைந்தவை.

முதல் படி: எத்தனை ஒப்பந்தங்கள் என்று எண்ணிப் பாருங்கள்

‘டிபக்கிங் தரநிலை’ என்று ஒருமையில் பேசத் தொடங்கினால் கூட்டம் முதல் நாளிலேயே திசைமாறிவிடும். உண்மையில் இங்கே குறைந்தது நான்கு தனித்தனி ஒப்பந்தங்கள் இருக்கின்றன. கம்பைலர் தான் செய்ததை டிபக்கருக்கு விளக்கும் தகவல் வடிவம் ஒன்று. ரெஜிஸ்டர்களின் (செயலிக்குள் உள்ள சிறு சேமிப்பிடங்கள்) எண்கள், தரவு வகைகளின் அளவு, ஸ்டாக்கின் (செயற்கூறு அழைப்புகளுக்கான நினைவக அடுக்கு) அமைப்பு ஆகியவற்றை நிர்ணயிக்கும் ஏபிஐ (ABI, இரும நிலை இடைமுகம்) இரண்டாவது. ஓடும் நிரலை நிறுத்தவும் அதன் நினைவகத்தைப் படிக்கவும் இயங்குதளம் தரும் வசதி மூன்றாவது. டிபக்கரும் எடிட்டரும், அல்லது டிபக்கரும் தொலைவில் உள்ள கருவியும் பேசிக்கொள்ளும் நெறிமுறை நான்காவது. இந்த நான்கையும் வெவ்வேறு ஆட்கள், வெவ்வேறு வேகத்தில் மாற்றுகிறார்கள். உங்கள் ஆவணத்தின் ஒவ்வொரு விதியும் இவற்றில் எதற்கு உரியது என்று ஓரத்தில் குறித்து வாருங்கள். குறிக்க முடியாத விதி என்றால், அது இரண்டு விதிகளின் கலவையாக இருக்கும், பிரித்து எழுதுங்கள்.

இரண்டாம் படி: வடிவத்தைப் பற்றி அல்ல, கேள்விகளைப் பற்றி உடன்படுங்கள்

நிரலாளர் டிபக்கரிடம் கேட்பவை மிகச் சில: இந்த முகவரி எந்தக் கோப்பின் எந்த வரி? இந்த மாறியின் இப்போதைய மதிப்பு என்ன, அதன் வகை என்ன? என்னை அழைத்தது யார்? இந்த வரியில் நிற்க வேண்டுமானால் எந்த முகவரிகளில் நிறுத்த வேண்டும்? இந்தக் கேள்விகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் எந்தச் சூழலில் விடை கட்டாயம், எந்தச் சூழலில் ‘தெரியாது’ என்பது ஏற்கத்தக்கது என்று எழுதுங்கள். ஆப்டிமைசேஷன் (நிரல் வேகமாக ஓடக் கம்பைலர் செய்யும் மாற்றங்கள்) இல்லாத தொகுப்பில் உள்ளூர் மாறிகள் தம் ஆயுள் முழுவதும் தெரிய வேண்டும் என்பது நியாயமான கட்டாயம். இரண்டாம் நிலை ஆப்டிமைசேஷனில் அதே விதியை வைத்தால் எந்தக் கம்பைலரும் கையெழுத்திடாது.

எந்தக் கேள்விக்கானாலும் விடை மூன்று வகைப்படும்: சரியானது, கிடைக்காதது, தவறானது. கிடைக்காத விடையைப் பார்த்தால் நிரலாளர் வேறு வழி தேடுவார். தவறான விடையை நம்பினால் இல்லாத பிழையைத் துரத்தி ஒரு நாளை இழப்பார். ஆகவே தவறான விடையைத் தரநிலை மீறலாகவும், கிடைக்காத விடையைத் தரக்குறைவாகவும் வகைப்படுத்துங்கள். பின்னால் வரும் பல சச்சரவுகளை இந்த ஒரு வரையறையே தீர்த்துவிடும்.

மூன்றாம் படி: புதிய வடிவம் வேண்டாம்

இந்தத் துறையின் வரலாறு இதற்குப் போதுமான பாடம். முன்பு யூனிக்ஸில் ஸ்டாப்ஸ் என்ற முறை இருந்தது. வகைத் தகவல்களை நீண்ட சரங்களாகக் குறியீட்டு அட்டவணைக்குள் திணிக்கும் முறை அது. எல்ஃப் என்ற இயங்கு கோப்பு வடிவத்தோடு இணைந்து வந்த டுவார்ஃபின் முதல் பதிப்பை யூனிக்ஸ் இன்டர்நேஷனல் அமைப்பின் குழு 1992இல் வெளியிட்டது. (எல்ஃப் என்றால் குட்டித்தேவதை, டுவார்ஃப் என்றால் குள்ளன், பெயர்ப் பொருத்தம் வேண்டுமென்றே செய்தது.) முதல் பதிப்பு அதிக இடத்தை அடைத்தது. அதைச் சுருக்கி அமைத்த இரண்டாம் பதிப்பின் வரைவு 1993இல் வந்தது, ஆனால் அது முதல் பதிப்போடு ஒத்துப்போகவில்லை. பிறகு அந்த அமைப்பே கலைந்துபோனது. குழு மீண்டும் கூடி மூன்றாம் பதிப்பை வெளியிட 2005 ஆனது. நான்காம் பதிப்பு 2010இலும், ஐந்தாம் பதிப்பு 2017இலும் வந்தன. இரண்டாம், மூன்றாம் பதிப்புகளுக்கு இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில் கம்பைலர்கள் சும்மா இருக்கவில்லை, அவரவர் தேவைக்கு அவரவர் நீட்சிகளைச் சேர்த்துக்கொண்டார்கள். அந்த நீட்சிகளின் எச்சங்களை டிபக்கர்கள் இன்றும் சுமக்கின்றன.

விண்டோஸில் கதை வேறு. அங்கே கோட்வியூ என்ற வடிவத்தில் எழுதிய பிழைத்திருத்தப் பதிவுகளும் அவற்றைத் தாங்கும் பிடிபி (PDB) கோப்பும்தான் வழக்கு. 2015இல் மைக்ரோசாப்ட் அதன் உள்ளமைப்பை விளக்கும் நிரல்களைப் பொதுவில் வைத்தது. இன்று எல்எல்விஎம் என்ற திறமூலக் கம்பைலர் தொகுப்பின் கருவிகளாலும் பிடிபி எழுத முடிகிறது. எனவே உங்கள் தரநிலை இரண்டு வடிவங்களையும் ஏற்று, இரண்டாம் படியில் எழுதிய கேள்விகளுக்கான விடை ஒவ்வொரு வடிவத்திலும் எங்கே கிடைக்கும் என்ற இணை அட்டவணையைத் தர வேண்டும். ஒன்றை மற்றொன்றாக மாற்றும் பாலத்தைக் கட்டாயமாக்காதீர்கள். அதில் தகவல் இழப்பு நிச்சயம்.

நான்காம் படி: ஏபிஐ ஆவணத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்

டுவார்ஃப் ரெஜிஸ்டர்களைப் பெயரால் அல்ல, எண்ணால் குறிக்கிறது. எந்த எண் எந்த ரெஜிஸ்டர் என்பதை ஏபிஐயின் பொறுப்பில் விட்டுவிடுகிறது. 32 பிட் எக்ஸ்86 செயலியில் ஸ்டாக் சுட்டிக்கு 4, சட்டகச் சுட்டிக்கு (ஓடும் செயற்கூறுக்கு ஸ்டாக்கில் ஒதுக்கிய பகுதியான சட்டகத்தைக் காட்டுவது) 5 என்பதே வழக்கமான எண். ஆனால் மேக்ஓஎஸின் அடித்தளமான ஆப்பிளின் டார்வினில், எக்செப்ஷன்களைக் (ஓட்டத்தின்போது எழும் விதிவிலக்குகள்) கையாளும் சட்டகத் தகவலில் மட்டும் இவ்விரு எண்களும் இடம் மாறியிருந்தன. இதை அறியாமல் எழுதப்பட்ட ஸ்டாக் பின்னோக்கி (யார் யாரை அழைத்தார் என்று ஸ்டாக்கைப் பின்னோக்கிப் படிக்கும் நிரல்), பிழை அறிவிப்பு எதுவும் தராமல், அழைப்புச் சங்கிலியைக் கற்பனையாகக் காட்டும். எண்கள் இரண்டுமே செல்லுபடியாகும் என்பதால் எந்தச் சரிபார்ப்பியும் இதைப் பிடிக்காது.

வகைகளின் அளவிலும் இதே எச்சரிக்கை தேவை. 64 பிட் லினக்ஸில் சி மொழியின் லாங் வகை 8 பைட். 64 பிட் விண்டோஸில் அது 4 பைட். டிபக்கர் வகையின் பெயரைப் பார்த்து அளவை ஊகிக்கக் கூடாது, தகவலில் எழுதப்பட்ட அளவையே பயன்படுத்த வேண்டும் என்று ஒரே வரியில் விதி செய்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: வரி அட்டவணை

அதிக நேரம் ஒதுக்க வேண்டிய இடம் இது. எந்த முகவரி எந்த வரி என்பதை டுவார்ஃப் நேரடி அட்டவணையாகச் சேமிப்பதில்லை. அட்டவணையை உருவாக்கும் ஒரு சின்னஞ்சிறு நிரலைச் சேமிக்கிறது. முகவரி, கோப்பு, வரி, நெடுவரிசை முதலிய நிலைகளைக் கொண்ட ஒரு கற்பனை இயந்திரத்தை டிபக்கர் ஓட்டி அட்டவணையை விரித்துக்கொள்கிறது.

ஒரு பைட்டை எடுத்துப் பார்ப்போம். தலைப்பகுதியில் வரித் தொடக்கம் −5, வரி வீச்சு 14, சிறப்புக் கட்டளைகளின் தொடக்கம் 13 என்று இருப்பதாகக் கொள்வோம். புழக்கத்தில் உள்ள கம்பைலர்கள் பொதுவாக இடும் மதிப்புகள் இவை. நிரலில் 75 என்ற பைட் வருகிறது. 75இலிருந்து 13ஐக் கழித்தால் 62. அதை 14ஆல் வகுத்தால் ஈவு 4, மீதி 6. ஈவின்படி முகவரி நான்கு முன்னேறும். மீதியோடு −5ஐக் கூட்டினால் 1, அதாவது வரி ஒன்று முன்னேறும். ‘முகவரியில் நான்கும் வரியில் ஒன்றும் கூட்டி, ஒரு பதிவை இடு’ என்ற முழு ஆணை ஒரே பைட்டில் அடங்கிவிடுகிறது. இந்த வடிவத்தில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

வேறுபாடு தொடங்குவது அந்தப் பதிவின் பொருளில்தான். ஒவ்வொரு பதிவிலும் ‘இது ஒரு கூற்றின் தொடக்கம், இங்கே நிறுத்தலாம்’ என்ற கொடி உண்டு. கம்பைலர் ஒரே கூற்றைப் பல துண்டுகளாக வெட்டி, வேறு கட்டளைகளுக்கு இடையே செருகியிருந்தால் எந்தத் துண்டுக்கு இந்தக் கொடி? ஒவ்வொரு துண்டுக்கும் இட்டால் நிரலாளர் அடுத்த வரிக்குப் போகச் சொல்லும்போதெல்லாம் டிபக்கர் முன்னும் பின்னும் தாவும். முதல் துண்டுக்கு மட்டும் இட்டால், அந்தத் துண்டு வழியாக வராத ஓட்டத்தில் பிரேக்பாயின்ட் தவறிப்போகும். நான் பரிந்துரைக்கும் விதி இது: கூற்றின் புலப்படும் விளைவு, அதாவது ஒதுக்கீடோ அழைப்போ, எந்தக் கட்டளையில் நிகழ்கிறதோ அந்தக் கட்டளை அந்தக் கூற்றின் எல்லா நகல்களிலும் கொடி பெற வேண்டும், மற்றத் துண்டுகள் வரி எண்ணை மட்டும் தாங்கினால் போதும்.

அடுத்தது செயற்கூறின் முன்னுரை. சட்டகத்தை அமைக்கும் முதல் சில கட்டளைகள் முடிந்த பிறகே அளபுருக்களின் மதிப்பு நம்பத்தக்கதாகிறது. ‘முன்னுரை இங்கே முடிகிறது’ என்று சொல்லும் கொடி டுவார்ஃபின் மூன்றாம் பதிப்பிலிருந்தே உண்டு. எல்எல்விஎம்மின் கிளாங் கம்பைலர் அதை இடுகிறது. ஜிடிபி என்ற டிபக்கரோ, செயற்கூறின் இரண்டாவது வரிப் பதிவையே முன்னுரையின் முடிவாகக் கொள்ளும் பழைய வழக்கத்தையும் கைக்கொண்டிருக்கிறது. இரண்டு வழக்கங்களும் தனித்தனியே சரி. ஒன்றின் வெளியீட்டை மற்றதன் ஊகத்தோடு படித்தால்தான் கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன குப்பை மதிப்பு வருகிறது. கொடியை இடுவதைக் கட்டாயமாக்கி, ஊகத்தைக் கொடி இல்லாத பழைய கோப்புகளுக்கு மட்டும் அனுமதியுங்கள்.

ஆறாம் படி: மாறிகள் இருக்கும் இடம்

மாறியின் இடத்தை டுவார்ஃப் ஒரு கணக்கீட்டுக் கோவையாக (expression) எழுதுகிறது. ஜிசிசி என்ற குனூ கம்பைலரைக் கொண்டு ஆப்டிமைசேஷன் இன்றித் தொகுத்த எக்ஸ்86-64 நிரலில், ஒரு முழு எண் மாறியின் இடம் 145, 108 என்ற இரண்டு பைட்டுகளாகத் தெரியக்கூடும். 145 என்பது ‘சட்டக அடித்தளத்திலிருந்து இவ்வளவு தூரம்’ என்ற செயல். 108 என்பது ஏழு பிட் குறியுள்ள எண்ணாகப் படித்தால் 108 − 128, அதாவது −20. அதே மாறிக்குக் கிளாங் 145, 124 என்று எழுதக்கூடும். 124 − 128 என்பது −4. ஒன்று −20, மற்றொன்று −4 என்பதால் இரண்டில் ஒன்று பிழை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஜிசிசி, அழைப்புச் சட்டகத்தின் முகவரியை அடித்தளமாக அறிவிக்கிறது; கிளாங் சட்டகச் சுட்டி ரெஜிஸ்டரையே அறிவிக்கிறது. முதலாவது இரண்டாவதைவிடப் பதினாறு பைட் மேலே இருப்பதால், இரண்டு கணக்கும் ஒரே நினைவக முகவரியில்தான் போய் முடிகின்றன. பைட்டுகளை ஒப்பிடும் சோதனை இங்கே தோற்கும். மதிப்பைக் கேட்டு ஒப்பிடும் சோதனை வெல்லும்.

ஆப்டிமைசேஷன் வந்தபின் மாறி ஒரே இடத்தில் தங்காது. சில முகவரிகளில் ரெஜிஸ்டரில் இருக்கும், சில முகவரிகளில் ஸ்டாக்கில் இருக்கும், சில இடங்களில் இல்லாமலே போகும். இதற்கு இடப்பட்டியல்கள் இருக்கின்றன. ரெஜிஸ்டரை வேறு பயனுக்கு மாற்றி எழுதும் கட்டளை முடிந்த நொடியில் அந்தப் பட்டியலின் வீச்சும் முடிந்தாக வேண்டும் என்று எழுதுங்கள். ஒரே கட்டளை நீளம் கூடுதலாக நீண்டாலும் அது தவறான விடை, ஆகவே மீறல். இத்துடன், பிழைத்திருத்தத் தகவலை எழுதச் சொல்லும் கொடி, உருவாகும் இயந்திரக் கட்டளைகளை ஒரு பைட்டும் மாற்றக் கூடாது என்பதையும் சேருங்கள். இதை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்றே ஜிசிசியில் ஒரு தெரிவு இருக்கிறது.

ஏழாம் படி: கோப்பை அடையாளம் காணுதல்

நிரலும் அதன் பிழைத்திருத்தத் தகவலும் பிரிந்து வாழ்வது இப்போது இயல்பு. எல்ஃப் கோப்புகளில் பில்ட் ஐடி, மேக்ஓஎஸில் 16 பைட் யுயுஐடி, பிடிபியில் ஜியுஐடியும் வயது எண்ணும் என மூன்று அடையாளங்கள் உள்ளன. மூன்றையும் ஏற்று, ‘அடையாளம் பொருந்தாவிட்டால் டிபக்கர் எச்சரிக்காமல் தகவலை ஏற்றக் கூடாது’ என்று விதியுங்கள். கோப்பின் பெயரையும் தேதியையும் வைத்துப் பொருத்துவதைத் தடைசெய்யுங்கள். அடையாளத்தைக் கொண்டு வலைவழி தகவலைப் பெற்றுத்தரும் டிபக்இன்ஃபோடி 2019இல் எல்ஃப்யூடில்ஸ் தொகுப்பில் வந்தது; விண்டோஸில் குறியீட்டுச் சேவையகங்கள் அதற்கும் வெகுமுன்பே உண்டு. மூலநிரலின் பாதைகள் பில்ட் செய்த கணினியின் முழு முகவரியைத் தாங்கி வராமல், முன்னொட்டு மாற்றித் தரப்பட வேண்டும்.

எட்டாம் படி: ‘நின்றது’ என்றால் என்ன?

இயங்குதள அடுக்கில் சொற்களின் பொருளே வேறுபடும். லினக்ஸில், டிபக்கிங்குக்கு உதவும் பிட்ரேஸ் வசதி வழியாக, ஒரு திரெட் (நிரலுக்குள் இணையாக ஓடும் ஓர் ஓட்டம்) பிரேக்பாயின்ட்டைத் தொட்டால் அந்தத் திரெட் மட்டுமே நிற்கும். மற்றவற்றை டிபக்கர்தான் ஒவ்வொன்றாக நிறுத்த வேண்டும். விண்டோஸில் டிபக் நிகழ்வு எழுந்தவுடன் செயல்முறையின் எல்லாத் திரெட்களும் நின்றுவிடும். மேக்ஓஎஸில் மாக் என்ற கெர்னலின் எக்செப்ஷன் துறைகள் (ports) வழியாகச் செய்தி வரும்.

செயலியும் தன் பங்குக்கு வேறுபடும். எக்ஸ்86இல் பிரேக்பாயின்ட் கட்டளை 204 என்ற ஒரே பைட். அது இயங்கிய பின் கட்டளைச் சுட்டி அடுத்த பைட்டில் இருக்கும், டிபக்கர் ஒன்றைக் கழித்துக்கொள்ள வேண்டும். 64 பிட் ஆர்மில் கட்டளை நான்கு பைட்; சுட்டி அதே கட்டளையிலேயே நிற்கும். எனவே தரநிலையின் நிறுத்த நிகழ்வு இரண்டு செய்திகளை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்: திருத்தப்பட்ட முகவரி எது, நின்ற திரெட்கள் எவை. கழிக்கும் வேலையை மேலடுக்குக்குத் தள்ளினால் ஒவ்வொரு எடிட்டரும் தன் பாணியில் அதைத் தவறாகச் செய்யும்.

நெறிமுறைகளில் புதிதாகக் கண்டுபிடிக்க அதிகம் இல்லை. ஜிடிபியின் தொலைநிலை நெறிமுறையில் எல்லா ரெஜிஸ்டர்களையும் கேட்க, டாலர் குறி, ஜி என்ற ஒற்றை எழுத்து, பிறகு # குறியும் 67 என்ற சரிபார்ப்புத் தொகையும் போதும். அந்த எழுத்தின் ஆஸ்கி மதிப்பின் பதினாறடிமான வடிவமே 67. எடிட்டர் பக்கத்துக்கு விஎஸ் கோடிலிருந்து பரவிய டிபக் அடாப்டர் நெறிமுறை இருக்கிறது. வரி எண்கள் ஒன்றிலிருந்து தொடங்குகின்றனவா என்பதைக்கூடத் தொடக்கச் செய்தியிலேயே அறிவிக்கச் சொல்லும் நெறிமுறை அது. இரண்டிலும் தரப்புகள் தம் திறன்களை முதலிலேயே அறிவித்துக்கொள்ளும் முறை உண்டு. அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்பதாம் படி: நீட்சிகளுக்கு வாசல் வையுங்கள், வாசலில் கதவும் வையுங்கள்

நீட்சிகளைத் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. அழைப்பிடங்களைப் பற்றிய தகவல், செயற்கூறுக்குள் நுழைந்தபோது இருந்த மதிப்பைக் குறிக்கும் செயல், தகவலைத் தனிக் கோப்பாகப் பிரிக்கும் முறை ஆகிய மூன்றும் முதலில் குனூ நீட்சிகளாகப் புழங்கி, பிழைகள் களைந்த பின்னரே டுவார்ஃபின் ஐந்தாம் பதிப்பில் இடம்பெற்றன. அந்த வரிசையே நல்லது.

ஆனால் எல்லா நீட்சிகளும் சமமான ஆபத்து உடையவை அல்ல. அறியாத ஒரு பண்பை (attribute) பழைய டிபக்கர் பாதுகாப்பாகத் தாண்டிச் செல்லும். ஏனெனில் அந்தப் பண்பின் மதிப்பு எந்த வடிவத்தில் எழுதப்பட்டது என்பதை டுவார்ஃபின் சுருக்க அட்டவணை சொல்லிவிடுகிறது, வடிவம் தெரிந்தால் நீளம் தெரியும். அறியாத வடிவத்தையோ தாண்ட வழியில்லை. அதன் நீளமே தெரியாததால் அந்தத் தொகுப்பலகின் (ஒரு மூலக் கோப்பைத் தொகுத்ததன் தகவல்) எஞ்சிய பகுதி முழுவதும் படிக்க முடியாததாகிவிடும். வரி அட்டவணையை வடிவமைத்தவர்கள் இதை முன்னரே எண்ணி, ஒவ்வொரு நிலையான கட்டளைக்கும் எத்தனை செயலேற்பிகள் (கட்டளையோடு வரும் மதிப்புகள்) என்ற பட்டியலைத் தலைப்பகுதியில் வைத்தார்கள். ஆகவே விதி இவ்வாறு அமையட்டும்: தாண்டத்தக்க நீட்சியை எவரும் தமக்கென ஒதுக்கப்பட்ட எண் வீச்சில் சேர்க்கலாம், தாண்ட முடியாத நீட்சிக்குப் பதிப்பு எண் உயர வேண்டும்.

பதிப்பை உயர்த்தும்போது பொறுமை தேவை. 2017இல் வந்த ஐந்தாம் பதிப்பு ஜிசிசியின் இயல்புநிலையானது 2021இல் வந்த 11ஆம் வெளியீட்டில்தான். படிப்பவர்கள் எல்லோரும் தயாரான பிறகே எழுதுபவர்கள் மாற வேண்டும். இந்த வரிசையைத் தலைகீழாக்கிய ஒவ்வொரு முறையும் பயனர்தான் அவதிப்பட்டார்.

பத்தாம் படி: சோதனைத் தொகுப்பே தரநிலையின் மறுபாதி

ஒவ்வொரு விதிக்கும் ஒரு சிறு நிரல் எழுதுங்கள். அதில் குறிப்பிட்ட வரியில் நின்று குறிப்பிட்ட மாறியைக் கேட்டால் வர வேண்டிய விடையைக் கருத்துரையாக அதிலேயே பதியுங்கள். ஜிசிசியின் குவாலிட்டி சோதனைகளும் எல்எல்விஎம்மின் டெக்ஸ்டரும் ஏறக்குறைய இந்த வழியில்தான் இயங்குகின்றன. அந்த நிரலை எல்லாக் கம்பைலர்களிலும், ஒவ்வொரு ஆப்டிமைசேஷன் நிலையிலும், எல்லா இயங்குதளங்களிலும் தொகுத்து, விடைகளைச் சரி, கிடைக்கவில்லை, தவறு என்று மூன்று நிறங்களில் ஒரே அட்டவணையில் வெளியிடுங்கள். கட்டமைப்பு ஒழுங்கைச் சோதிக்க டுவார்ஃப்டம்ப் போன்ற கருவிகளின் சரிபார்ப்பு உதவும். ஆனால் அது இலக்கணம் சரியா என்று மட்டுமே பார்க்கும், சொல்லும் செய்தி உண்மையா என்று பார்க்காது.

ஒரு சோதனை தோற்றால் குற்றம் கம்பைலரிலா டிபக்கரிலா என்ற வாதம் உடனே எழும். அதே கோப்பை வேறொரு டிபக்கரில் திறந்து பாருங்கள். அங்கேயும் அதே தவறு வந்தால் சந்தேகம் கம்பைலர் பக்கம் சாயும். இரண்டு டிபக்கர்களும் வேறுவேறு விடை தந்தால், பெரும்பாலும் விதியின் வாசகமே இரண்டு பொருள் தருகிறது என்று பொருள். அப்போது திருத்த வேண்டியது ஆவணம். இதே காரணத்தால், எழுதும் கருவி ஒன்றும் படிக்கும் கருவி ஒன்றும், ஒன்றையொன்று சாராத இரு குழுக்களால் செய்யப்பட்டு, அந்த அட்டவணையில் சரி என்ற நிறத்தைப் பெறும்வரை எந்த முன்மொழிவையும் ‘வரைவு’ என்ற நிலையிலிருந்து உயர்த்தாதீர்கள்.